மஞ்சள் கரைசல் வெளுக்கும் வரை: கதிர்வீச்சும் சீரியா துகளும் (வாசகர் கேள்வி – பதில்)

கேள்வி: என் அப்பாவுக்கு வாய்ப் புற்றுநோய். அடுத்த வாரம் கதிர்சிகிச்சை தொடங்குகிறது, மொத்தம் 33 நாள். ‘நானோ சீரியம் சாப்பிட்டால் கதிர் நல்ல செல்லைத் தொடாது’ என்று வாட்ஸ்அப்பில் வந்தது. வாங்கிக் கொடுக்கலாமா?
– சேலம் வாசகர்

பதில்: வேண்டாம். சீரியம் என்ற உலோகத்தின் ஆக்சைடு (சுருக்கமாக சீரியா) நானோ துகள், செல்களிலும் எலிகளிலும் நல்ல பலன் காட்டியிருப்பது உண்மைதான். ஆனால் கதிர்சிகிச்சை நோயாளிக்கென்று ஒப்புதல் பெற்ற மருந்தாக அது இன்னும் வரவில்லை. அந்தப் பெயரில் விற்கப்படும் புட்டியில் என்ன இருக்கிறது என்று யாரும் உறுதி சொல்ல முடியாது.

வைட்டமின் மாத்திரைகளிலும் கவனம் வேண்டும். கனடாவின் கியூபெக்கில் தலை, கழுத்துப் புற்றுநோயாளிகள் 540 பேரை வைத்து நடந்த ஆய்வில் ஒரு பிரிவினருக்கு வைட்டமின் ஈ தினம் 400 யூனிட்டும், தொடக்கத்தில் பீட்டா கரோட்டினும் கொடுத்தார்கள். பக்கவிளைவு ஓரளவு குறைந்தது. ஆனால் அதே இடத்தில் கட்டி திரும்பும் போக்கும் அவர்களிடம் கூடுதலாகத் தெரிந்தது. நல்ல செல்லுக்குப் பிடித்த குடை, கட்டிக்கும் நிழல் தந்துவிட்டது. எந்தச் சத்து மாத்திரையானாலும் கதிர்சிகிச்சை மருத்துவரிடம் காட்டிவிட்டுக் கொடுங்கள்.

இந்த வாரமே செய்ய வேண்டியது பல் மருத்துவரைப் பார்ப்பது. எடுக்க வேண்டிய பல் இருந்தால் சிகிச்சை தொடங்கும் முன்பே எடுத்து, புண் ஆற நாள் விட வேண்டும். கதிர் பட்ட தாடையில் பின்னால் பல் பிடுங்கினால் எலும்பு ஆறாமல் போகலாம். சிகிச்சை நாட்களில் ஒரு டம்ளர் வெதுவெதுப்பான நீரில் கால் டீஸ்பூன் உப்பு, கால் டீஸ்பூன் சமையல் சோடா போட்டு நாளைக்கு நாலைந்து முறை கொப்பளிக்கச் சொல்லுங்கள். காதருகே உள்ள உமிழ்நீர்ச் சுரப்பிக்கு எவ்வளவு கதிர் போகிறது என்றும் கேளுங்கள். அதன் சராசரி 25 கிரேக்குள் (கிரே என்பது உடல் வாங்கும் கதிரின் அலகு) இருந்தால் வாய் வறட்சி பெரும்பாலும் கட்டுக்குள் இருக்கும். கட்டி இருக்கும் இடத்தைப் பொறுத்து எல்லாருக்கும் அது சாத்தியப்படாது.

கேள்வி: துகள் எப்படிக் கதிரைத் தடுக்கிறது? ஈயக் கவசம் மாதிரியா?
– மதுரை வாசகி, பள்ளி ஆசிரியை

பதில்: இல்லை, கதிர் அதன் பாட்டுக்கு உள்ளே போகும். துகளின் வேலை அதற்குப் பிறகுதான். எக்ஸ் கதிர் டி.என்.ஏ.யை நேரடியாக அறுப்பது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. மீதிச் சேதம் செல்லில் உள்ள தண்ணீர் உடைந்து, ஹைட்ராக்சில் என்ற துடுக்கான துண்டு பிறப்பதால் வருகிறது. 1 கிரே பட்டால் ஒரு செல்லில் ஒற்றை இழை அறுபடுவது சுமார் 1000 இடத்தில், இரண்டு இழையும் சேர்ந்து அறுபடுவது சுமார் 40 இடத்தில். செல்லைக் கொல்வது அந்த நாற்பதுதான்.

ஹைட்ராக்சிலின் ஆயுள் சில நானோ விநாடி. அதற்குள் அது நகரும் தூரம் சில நானோமீட்டர். டி.என்.ஏ.யை ஒட்டிப் பிறந்ததைப் பிடிக்க, துகளும் அங்கேயே நிற்க வேண்டும். உள்ளே போகும் துகள்களில் பெரும்பகுதியோ செல்லின் செரிமானப் பைகளில் மாட்டிக்கொள்கிறது. அதனால் ‘ஹைட்ராக்சிலை விழுங்கிக் காப்பாற்றுகிறது’ என்று மட்டும் சொல்லும் விளக்கத்தை நாங்கள் அரைகுறையாகவே எடுத்துக்கொள்வோம். கதிர் நின்ற பிறகும் மணிக்கணக்கில், நாள்கணக்கில் சூப்பராக்சைடும் பெராக்சைடும் (ஆக்சிஜனிலிருந்து பிறக்கும் வேறு இரண்டு சேதக்காரர்கள்) செல்லுக்குள் ஊறிக்கொண்டே இருக்கின்றன. துகளின் பலன் அங்கேதான் அதிகம் இருக்க வேண்டும்.

வைட்டமின் சி மூலக்கூறு ஒன்றைப் பிடித்ததும் தீர்ந்துபோகும், செல்தான் அதைத் திரும்பச் சரிசெய்ய வேண்டும். சீரியம் அப்படியல்ல. மேற்பரப்பில் சீரியம்-3 (மூன்று எலக்ட்ரான் இழந்தது), சீரியம்-4 (நான்கு இழந்தது) என்ற இரண்டு நிலைக்கும் அது தானே போய்ப் போய் வரும். ஆக்சிஜன் இல்லாத காலி இடங்கள் படிகத்தில் எவ்வளவு அதிகமோ அவ்வளவு சீரியம்-3. துகள் சிறுக்கச் சிறுக்கக் காலியிடம் கூடும். 3 முதல் 5 நானோமீட்டர் துகளை எல்லாரும் தேடுவது இதனால்தான்.

கேள்வி: ஆய்வுக்காகச் சீரியா துகள் செய்தேன். தண்ணீரில் வைத்துச் சோதித்தால் சூப்பராக்சைடை நன்றாக அழிக்கிறது. செல்லில் போட்டுக் கதிர் கொடுத்தால் பாதுகாப்பே இல்லை. எங்கே தவறு?
– திருச்சி, முதுநிலை மாணவி

பதில்: முதலில் பாஸ்பேட்டைச் சந்தேகப்படுங்கள். பாஸ்பேட் உப்புக் கரைசலில் துகளைக் கழுவியிருந்தாலோ கரைத்து வைத்திருந்தாலோ, மேற்பரப்பு சீரியம் பாஸ்பேட்டாக மாறி, சூப்பராக்சைடை அழிக்கும் திறன் போய்விடும். செல் வளர்க்கும் திரவமான ஊடகத்திலும் பாஸ்பேட் உண்டு. சிட்ரேட், டெக்ஸ்ட்ரான் போன்ற பூச்சு கொடுத்துப் பாருங்கள். துகளைத் தூய நீரில் வைத்திருந்து, செல்லில் சேர்க்கும் நேரத்தில் மட்டும் ஊடகத்தில் கலக்குங்கள்.

அடுத்தது பழுக்கவிடும் காலம். வழக்கமான செய்முறையில் 100 மி.லி.க்கு சீரியம் நைட்ரேட் ஹெக்ஸாஹைட்ரேட் 217 மி.கி. (5 மில்லிமோலார்), அதில் 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு சுமார் 4.5 மி.லி. ஊற்றியதும் பளிச்சென்று மஞ்சளாகும். அந்த மஞ்சளைப் பார்த்து ‘ஆச்சு’ என்று எடுத்துவிடக் கூடாது, அப்போது பெரும்பாலும் சீரியம்-4தான் இருக்கும். மூன்று வாரம் அறை வெப்பத்தில் விட்டால் பெராக்சைடு சிதைந்து, நிறம் வெளுத்து, சீரியம்-3 திரும்பும். புட்டி மூடியை இறுக்காதீர்கள், ஆக்சிஜன் வெளியேற வழி வேண்டும். பி.எச். 3.5க்கு மேலே ஏறினால் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். புற ஊதா நிறமாலைமானியில் (கரைசல் எந்த ஒளியை உறிஞ்சுகிறது என்று காட்டும் கருவி) 230–260 நானோமீட்டரில் சீரியம்-3ம், 300க்கு மேல் சீரியம்-4ம் தெரியும். வாரம் ஒரு முறை பதிந்து வையுங்கள்.

துகளின் அளவைத் தண்ணீரில் மட்டும் பார்த்துவிட்டு நிறுத்தாதீர்கள். சீரம் சேர்த்த ஊடகத்தில் 24 மணி நேரம் கழித்தும் பாருங்கள், 5 நானோமீட்டர் என்று நினைத்தது 300 ஆகி அடியில் படிந்திருக்கலாம். நிறம் மாறும் சோதனைகளில் துகளே சாயத்தோடு வினைபுரிந்து பொய்க் கணக்கு காட்டும். செல் இல்லாத கிண்ணத்திலும் துகளையும் சாயத்தையும் கலந்து பாருங்கள். கடைசித் தீர்ப்பு, கதிருக்குப் பிறகும் பெருகிக் கூட்டமாகும் செல்களை எண்ணும் காலனி எண்ணிக்கைச் சோதனைதான். பலன் துகளுடையதா, கரைந்த சீரியத்தினுடையதா என்று பார்க்க, அதே அளவு சீரியம் நைட்ரேட் மட்டும் சேர்த்த கிண்ணம் ஒன்றும் அவசியம். எண்டோடாக்சின் (பாக்டீரியா உறையிலிருந்து வரும் நச்சு) கலந்திருக்கிறதா என்று பார்க்காத துகளை எலிக்குப் போடவே போடாதீர்கள். எண்டோடாக்சினே எலியைக் கதிரிலிருந்து ஓரளவு காக்கும், பெயர் துகளுக்குப் போய்விடும்.

கேள்வி: நல்ல செல்லைக் காத்து, புற்றுச் செல்லை விட்டுவிடும் என்கிறார்களே, எப்படி?
– கோவை வாசகர்

பதில்: மத்திய ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்தின் சுதிப்தா சீல் குழுவினர் 2005இல் ‘நானோ லெட்டர்ஸ்’ இதழில் எழுதியது இதன் தொடக்கம். துகள் சேர்த்துக் கதிர் கொடுத்தபோது சாதாரண மார்பகச் செல்கள் ஏறக்குறைய எல்லாமே பிழைத்தன, எம்.சி.எஃப்-7 என்ற மார்பகப் புற்றுச் செல்லுக்கு அந்தப் பாதுகாப்பு பெரிதாகக் கிடைக்கவில்லை. வழக்கமான விளக்கம், புற்றுக் கட்டியின் அமிலத்தன்மை. சூப்பராக்சைடைப் பெராக்சைடாக்கும் வேலை அமிலத்திலும் நடக்கும், பெராக்சைடைச் சிதைக்கும் வேலை நின்றுவிடும். பெராக்சைடு தேங்கிப் புற்றுச் செல்லைத் தாக்கும் என்கிறார்கள். அமிலமாக இருப்பது கட்டியில் செல்களுக்கு வெளியே உள்ள இடம்தான், புற்றுச் செல்லின் உள்ளே அப்படியில்லை என்பது இதில் இடிக்கிறது. துகள் போய்ச் சேரும் செரிமானப் பையோ நல்ல செல்லிலும் பி.எச். 5க்குக் கீழேதான். ஆகவே கட்டியுள்ள எலியில், கட்டி சுருங்குவதையும் சேர்த்து அளந்த ஆய்வைத்தான் நம்பலாம்.

கதிரிலிருந்து நல்ல செல்லைக் காக்க ஒப்புதல் பெற்ற அமிஃபோஸ்டின் என்ற மருந்துக்கும், கட்டியையும் காத்துவிடுமோ என்ற இதே கேள்விதான் இருந்தது. வாய் வறட்சிக்காக அமெரிக்கா 1999இல் அதை ஏற்றது. ஒவ்வொரு கதிர் நாளும் 15–30 நிமிடம் முன்பு, உடற்பரப்பு சதுர மீட்டருக்கு 200 மி.கி., 3 நிமிடத்தில் நரம்பு வழியே. வாந்தியும் ரத்த அழுத்தச் சரிவும் படுத்துவதால் பலர் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள்.

கேள்வி: எங்கள் கடற்கரை மணலில் சீரியம் இருக்கிறதாமே?
– மணவாளக்குறிச்சி வாசகர்

பதில்: இருக்கிறது, மோனசைட் என்ற கனிமத்தில். அதில் தோரியமும் சேர்ந்திருப்பதால் உங்கள் மணலே லேசாகக் கதிர்வீசும். மோனசைட் என்பது பெரும்பாலும் சீரியம் பாஸ்பேட். திருச்சி மாணவியின் கிண்ணத்தில் கெட்டுப்போனதும் அதே சீரியம் பாஸ்பேட்தான்.