கரோக்கி வரிகளைப் பாட்டோடு துல்லியமாகப் பொருத்தியும் பாடுபவர்கள் ஏன் தடுமாறுகிறார்கள்?

துல்லியமாகப் பொருத்தியதால்தான் தடுமாறுகிறார்கள். குரல் எழும் அதே கணத்தில் வரி திரைக்கு வந்தால் கேட்பவருக்கு அது சரி, பாடுபவருக்குத் தாமதம். அவர் வரியைப் பார்த்து, படித்து, மூச்சிழுத்து, அதன் பிறகல்லவா வாய் திறக்க வேண்டும்? நீங்களும் வரிகளுக்கு நேரம் குறிக்கும் ஏஜிசப் (Aegisub) போன்ற மென்பொருளில் அலைவடிவத்தைப் பெரிதாக்கி, குரல் தொடங்கும் இடத்திலேயே வரியின் தொடக்கத்தை வைத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். நானும் அப்படித்தான் வைத்தேன். அதற்கான விலையைக் கொடுத்தவர் என் அத்தை.

அத்தை இலங்கை மலையகத்தில் தலவாக்கலைப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் 35 ஆண்டுகள் கொழுந்து பறித்தவர். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். ஆனால் அவர் பாடாத கல்யாண வீடு தோட்டத்தில் எங்கள் பிரிவான டிவிசனில் கிடையாது. அவர் வேலையிலிருந்து நின்றபோது வாசிகசாலையில் ஒரு சிறு கூட்டம் வைத்தோம். மலையில் கூடப் பறித்தவர்களோடு அவர் பாடிவந்த பாட்டுக்கு அவருடைய மகன் கீபோர்டில் இசை அமைத்தான். எல்லோரும் சேர்ந்து பாடட்டும் என்று நான் வரிகளைப் போட்டு வீடியோ செய்தேன்.

சுவரில் கட்டிய வெள்ளைச் சேலையில் முதல் வரி வந்தது. அத்தை முதல் சொல்லைக் கூட்டி முடிப்பதற்குள், பாட வேண்டிய இடத்தைக் காட்டும் நிறம் வரியின் கடைசி எழுத்துக்கு ஓடிவிட்டது. இரண்டாவது வரியிலும் அதுவே நடந்தது. மூன்றாவது வரியில் அவர் மைக்கை இறக்கிவிட்டார். அவருடைய சொந்தப் பாட்டு அது. அன்றிரவு இஸ்தோப்பில் (வீட்டு முன்திண்ணையில்) உட்கார்ந்திருந்தபோது சொன்னார்: “பாட்டு எனக்குத் தெரியும் தம்பி. எழுத்துதான் என்னை விடவில்லை.”

மனப்பாடமாகத் தெரிந்தவருக்குத் திரை எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். எதிரே எழுத்து ஓடினால் கண் அங்கேதான் போகும். தெரிந்த பாட்டையும் அந்த எழுத்து கலைத்துவிடும். வேகமாகப் படிப்பவர்களை மட்டும் மனதில் வைத்து வரி போடுவது தவறு என்று அன்றைக்கு உணர்ந்தேன். இன்றும் அதில் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

இப்போது நான் செய்வது இது. ஒவ்வொரு வரியும் குரலுக்கு 2 நொடி முன்னால் திரைக்கு வந்துவிட வேண்டும்; நீண்ட இடையிசைக்குப் பிறகு வரும் வரி என்றால் 4 நொடி. வரியின் தொடக்க நேரத்தை மட்டும் முன்னே இழுத்தால் நிறமும் சேர்ந்து முன்னே ஓடிவிடும். அதனால் முதல் அசைக்கு முன்னால் வெறுமையான ஒரு கே குறியை (ஒவ்வோர் அசையின் மேலும் நிறம் எவ்வளவு நேரம் ஓட வேண்டும் என்று சொல்லும் \k குறி) செருக வேண்டும். அதில் நேரம் நொடியின் நூறில் ஒரு பங்காகக் கணக்கிடப்படுகிறது. 2 நொடிக்கு 200 என்று எழுதுங்கள். திரையில் எப்போதும் இரண்டு வரிகள் இருக்கட்டும். மேல்வரியைப் பாடும்போது கீழ்வரி காத்திருக்கும்; கீழ்வரிக்குப் போனதும் மேலே அடுத்த வரி வந்துவிடும். பாட்டைக் கேட்டபடி விசையைத் தட்டி நேரம் குறிப்பவரானால் இன்னொன்றும் உண்டு: காது கேட்டு விரல் அசைவதற்குள் நொடியின் பத்தில் ஒன்றிரண்டு பங்கு போய்விடும். எல்லா அசைகளையும் அந்த அளவு முன்னே தள்ளுங்கள்.

வரியை எங்கே முறிப்பது என்பதைத் திரையின் அகலம் தீர்மானிக்கக் கூடாது, பாடுபவரின் மூச்சு தீர்மானிக்க வேண்டும். தமிழ்ச் சொற்கள் நீளமானவை, நான்கு சொல்லுக்கு மேல் ஒரு வரியில் வைக்காதீர்கள்.

அடுத்தது தமிழுக்கே உரிய சிக்கல். ‘கூடையிலே கொழுந்து கொண்டு’ என்று ஒரு வரி இருப்பதாக வைத்துக்கொள்வோம். கணினி எண்ணும் எழுத்து வேறு, நாம் எண்ணும் எழுத்து வேறு. ‘கொ’ நமக்கு ஓரெழுத்து. கணினிக்குக் ககரம் ஒன்று, அதன் பின்னால் ஒகரக் குறி ஒன்று. இரண்டுக்கும் நடுவில் கே குறி விழுந்தால் திரையில் ககரம் தனியாக நிற்கும். பக்கத்தில் புள்ளிகளாலான ஒரு வட்டத்தை ஒகரக் குறி அணைத்துக்கொண்டு நிற்கும். எனவே கையால் பிரியுங்கள்: கூ, டை, யி, லே, கொ, ழுந், து, கொண், டு. மெய்யெழுத்து எப்போதும் தனக்கு முன்னுள்ள எழுத்தோடு சேர வேண்டும். வரிகளை யாராவது பாமினி எழுத்துருவில் தட்டித் தந்திருந்தால் முதலில் ஒருங்குறிக்கு (யூனிகோடுக்கு) மாற்றிவிடுங்கள். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் வெறும் ஆங்கில எழுத்துகள்தான் தெரியும்.

நீட்டிப் பாடும் இடங்களை நான் நீட்டியே எழுதுகிறேன்: ‘கண்ணேஏஏ’ என்று. நிறம் அந்த ஏகாரங்களின் மேல் மெல்ல நகரும்போது எவ்வளவு இழுக்க வேண்டும் என்பது பாடுபவருக்குத் தெரிந்துவிடும். எங்கள் ஊரில் ஒரு தமிழாசிரியர் இதை எழுத்துப்பிழை என்றார். அவர்மேல் எனக்கு மரியாதை உண்டு, ஆனால் இதை ஏற்க மாட்டேன். இதற்கு அளபெடை என்று இலக்கணத்திலேயே பெயர் இருக்கிறது. வள்ளுவரே ஓசைக்காக ‘கெடுப்பதூஉம்’ என்று எழுதவில்லையா? ஓசை நிறைய வேண்டிய இடத்தில் நம் முன்னோர் கண்டுவைத்த வழி அது.

அந்தக் கூட்டத்துக்கு முன்பே ஒத்திகை பார்த்திருக்கலாமே என்று கேட்பீர்கள். கொழும்பில் இருக்கும் மைத்துனர் அனுப்பிய மைக் நேரத்தோடு கைக்கு வந்திருந்தால் பார்த்திருப்போம். அது தபாலில் வந்து தோட்டத்து அலுவலகத்தில் மூன்று வாரம் கிடந்தது. எங்கள் லயத்து வீடுகளுக்கு, அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு, தனி முகவரி கிடையாது. கடிதங்கள் மொத்தமாக அங்கேதான் போகும், யாராவது போகும்போது பார்த்து எடுத்துவர வேண்டும். இது வெறும் மைக் விஷயம் அல்ல. பக்கத்து வீட்டுப் பெண்ணின் நேர்முகத் தேர்வுக் கடிதம் தேர்வு முடிந்து நான்கு நாள் கழித்துக் கைக்கு வந்தது. கோப்பித் தோட்டங்களுக்கு எங்கள் ஆட்கள் வந்து 200 ஆண்டுகள் ஆயிற்று என்று 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தார்கள். வாசலில் ஒரு இலக்கம் எழுதித் தர இன்னும் எத்தனை ஆண்டுகள் வேண்டும்? கேள்விக்குத் தொடர்பில்லாததுதான், ஆனாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

ஒலிபெருக்கியையும் கவனியுங்கள். புளூடூத்தில் ஒலி சற்றுத் தாமதமாகவே வெளிவரும். வீட்டில் கம்பி வழி கேட்டுச் சரிபார்த்த வரிகள் மண்டபத்தில் முந்தி ஓடுவதுபோல் தோன்றும். பாட்டின் முதலிலிருந்து கடைசிவரை விலகல் ஒரே அளவாக இருந்தால் எல்லா வரிகளையும் மொத்தமாக நகர்த்தினால் போதும். போகப் போக விலகல் கூடினால், நீங்கள் நேரம் குறித்த ஒலிப்பதிவும் வீடியோவில் சேர்த்த ஒலிப்பதிவும் வேகத்தில் வேறுபட்டவை என்று பொருள்.

அத்தையின் பாட்டை மறுபடி முதலிலிருந்து செய்தேன். அடர்நீலப் பின்னணி, வெள்ளை எழுத்து, பாடிய பகுதி ஆரஞ்சு. மஞ்சள் வேண்டாம், வெள்ளைச் சேலையில் வெள்ளைக்கும் மஞ்சளுக்கும் வேறுபாடு தெரியவில்லை. மார்கழிப் பஜனை முடிந்த ஒரு காலையில் கோவில் மடத்தில் அதைப் போட்டோம். அத்தை முதல் வரியைக் கூட்டிப் படித்து முடித்தார், மூச்சிழுத்தார், அதன் பிறகு இசை அவரிடம் வந்து சேர்ந்தது. இரண்டு சரணமும் பாடினார். மூன்றாவது சரணத்துக்கு இன்னும் நேரம் குறிக்கவில்லை. அதில் ஒரு வரியை அவர் ஒவ்வொரு முறையும் வேறு மாதிரி பாடுகிறார். எது பழைய வரி என்று கேட்டு எழுத வரும் ஞாயிறு உட்காருகிறோம்.