நரம்புக் குழலில் ஒரு செல் தன் இடத்தை அறிவது எப்படி?

கேள்வி: உடலின் எல்லாச் செல்களிலும் இருப்பது ஒரே மரபுப் பொருள்தான் என்றால், கருவில் எந்தச் செல் தோலாக வேண்டும், எது தண்டுவடமாக வேண்டும் என்பதை எது முடிவு செய்கிறது?
– கல்லூரி மாணவி, திருநெல்வேலி

பதில்: ஒரு செல் எதுவாகிறது என்பது, அது எங்கே இருக்கிறது, அதன் அக்கம்பக்கத்திலிருந்து என்னென்ன புரதங்கள் எந்த அளவில் அதை வந்தடைகின்றன என்பதைப் பொறுத்தது. மனிதக் கருவின் மூன்றாவது வாரத்தில் முதுகுப்புறச் செல்களில் ஒரு பகுதி தடித்து நரம்புத் தட்டாகிறது. வெற்றிலையின் இரு ஓரங்களையும் மேலே தூக்கிச் சேர்ப்பது போல அத்தட்டின் ஓரங்கள் எழுந்து ஒன்றோடொன்று இணைய, ஏறத்தாழ 28 நாளில் அது மூடிய குழலாகிவிடும். மூளையும் தண்டுவடமும் இந்தக் குழலிலிருந்தே உருவாகின்றன.

1924-இல் ஜெர்மனியில் ஹான்ஸ் ஸ்பீமனும் அவருடைய மாணவி ஹில்டே மங்கோல்டும், நியூட் என்னும் பல்லி போன்ற நீர்நில உயிரியின் வெளிர்நிற இனம் ஒன்றின் கருவிலிருந்து முதுகுப்புறத் துணுக்கு ஒன்றை எடுத்து, கருநிற இனத்துக் கருவின் வயிற்றுப்புறத்தில் ஒட்டினார்கள். அங்கே இரண்டாவது நரம்புக் குழல் ஒன்று எழுந்தது. அதன் செல்களில் பெரும்பாலானவை கருநிறமாக இருந்தன. அதாவது, வயிற்றுத் தோலாக வேண்டியிருந்த செல்களை அந்தத் துணுக்கு நரம்பாக மாற்றியிருந்தது. ஸ்பீமன் 1935-இல் நோபல் பரிசு பெற்றார். மங்கோல்டோ 1924-லேயே, தம் 25ஆம் வயதில் தீ விபத்தில் இறந்துவிட்டார். இந்த ஆய்வைப் பேசும்போதெல்லாம் அவர் பெயரையும் சேர்த்துச் சொல்வதே முறை என்று கருதுகிறேன்.

அந்தத் துணுக்கு என்ன சொல்லி அனுப்பியது என்பது தெரியவர 1990-கள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பிஎம்பி என்னும் புரதம் கருவின் வெளி அடுக்கான புறப்படையின் செல்களைத் தோலாகும்படி தூண்டிக்கொண்டிருக்கிறது. துணுக்கிலிருந்து சுரக்கும் நாகின், கார்டின் ஆகிய புரதங்கள் அதைச் செல்லுக்கு வெளியிலேயே பிடித்துக் கட்டிவிடுகின்றன. தோலாகும்படியான தூண்டுதல் நின்றுபோன செல்கள் நரம்பாகும் வழியில் செல்கின்றன.

குழல் உருவானபின் மேல், கீழ் என்ற வேறுபாடு வர வேண்டும். குழலுக்கு நேர் அடியில் ஓடும், தண்டுவடத்திலிருந்து வேறான கோல் போன்ற திசுவாகிய முதுகுநாண் ‘சோனிக் ஹெட்ஜ்ஹாக்’ என்னும் புரதத்தைச் சுரக்கிறது. ஹெட்ஜ்ஹாக் என்றால் முள்ளெலி. இந்த மரபணு பழுதான பழ ஈயின் புழு முள் அடர்ந்து காணப்பட்டதால் வந்த பெயர் அது. குழலின் அடிப்பகுதியில் இப்புரதம் செறிவாகவும், மேலே போகப் போகக் குறைந்தும் இருக்கும். இரண்டு மூன்று மடங்கு செறிவு மாறினாலே வேறு வகை நரம்புச் செல் பிறந்துவிடுகிறது; புரதம் எவ்வளவு நேரம் செல்லின்மேல் பட்டது என்பதும் கணக்கில் சேர்கிறது. தசைகளை அசைக்கும் இயக்க நரம்புச் செல்கள் இப்படித்தான் கீழ்ப்பாதியில் அமைகின்றன. மேற்புறத்திலிருந்து பிஎம்பியும் டபிள்யூஎன்டி புரதங்களும் கீழ்நோக்கிப் பரவி, தொடுதல், வலி போன்ற உணர்வுச் செய்திகளை வாங்கும் செல்களை உருவாக்குகின்றன.

இதற்குக் கண்கூடான சான்று கோழிக் கருவில் கிடைத்தது. முட்டை ஓட்டில் சிறு சன்னல் திறந்து, வேறொரு கருவின் முதுகுநாண் துண்டைக் குழலின் பக்கவாட்டில் வைத்தால், அந்தப் பக்கத்திலும் இயக்க நரம்புச் செல்கள் தோன்றுகின்றன. தொடக்கத்திலேயே முதுகுநாணை நீக்கிவிட்டால், அந்த இடத்தில் அவை தோன்றுவதே இல்லை.

கேள்வி: இந்தச் சமிக்ஞை தடைபட்டால் என்ன ஆகும்? ஃபோலிக் அமில மாத்திரைக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?
– வாசகி, ஈரோடு

பதில்: 1950-களில் அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில், நெற்றி நடுவில் ஒற்றைக் கண்ணுடன் ஆட்டுக்குட்டிகள் பிறந்தன. சினையான 14ஆம் நாளையொட்டித் தாய் ஆடுகள் மேய்ந்த வெராட்ரம் என்ற காட்டுச்செடிதான் காரணம் என்று ஆண்டுக்கணக்கில் உழைத்துக் கண்டறிந்தார்கள். அதிலுள்ள சைக்ளோபமின் என்னும் நஞ்சு, ஹெட்ஜ்ஹாக் சமிக்ஞை செல்லுக்குள் செல்லாதபடி தடுக்கிறது. கண்ணாக வேண்டிய ஒரே பரப்பை இடம், வலம் என இரண்டாகப் பிரிப்பது அந்தச் சமிக்ஞைதான்.

ஃபோலிக் அமிலம் இத்தகைய சமிக்ஞை மூலக்கூறு அன்று. வேகமாகப் பெருகும் செல்களுக்கு டிஎன்ஏ ஆக்கத்துக்குத் தேவைப்படும் வைட்டமின் அது. ஆனாலும் குழல் மூடுவதில் அதன் பங்கு பெரிது. நரம்புக் குழல் சரியாக மூடாத குறைபாடுள்ள கருவை முன்பு சுமந்த பெண்களிடம் நடத்தப்பட்டு, 1991-இல் பிரிட்டனில் வெளியான ஆய்வில், நாளொன்றுக்கு 4 மில்லிகிராம் எடுத்தவர்களிடம் அக்குறைபாடு மீண்டும் வருவது 72 விழுக்காடு குறைந்தது. மாதவிடாய் தள்ளிப்போனதைக் கவனித்து மருத்துவரிடம் செல்வதற்குள் குழல் பெரும்பாலும் மூடியிருக்கும். எனவே குழந்தைக்குத் திட்டமிடும் பெண்கள் குறைந்தது ஒரு மாதம் முன்பிருந்தே நாள்தோறும் 400 மைக்ரோகிராம் எடுத்துக்கொள்ள வேண்டும். முன்பு இக்குறைபாடு ஏற்பட்டவர்களும் வலிப்பு நோய்க்கு மருந்து உண்பவர்களும் கூடுதல் அளவு தேவையா என்பதைக் கருத்தரிக்கும் முன்பே மருத்துவரிடம் கேட்டுவிட வேண்டும். வலிப்பு மருந்தைத் தாமாக நிறுத்திவிடக் கூடாது.