ஏழு ஆலைக்கு ஏழு பிரதியா?

கேள்வி: அறிவியல் நகரில் பொறியியல் முடித்த நாங்கள் மூன்று நண்பர்கள், கிளிநொச்சியில் ஏ9 வீதியோரம் ஒரு மாடி அறையை வாடகைக்கு எடுத்து மென்பொருள் கம்பனி நடத்துகிறோம். நெல் கொள்வனவுக்கென்று நாங்கள் செய்த மென்பொருளை ஏழு அரிசி ஆலைகள் பாவிக்கின்றன. ஒவ்வொரு முதலாளியும் ஒவ்வொரு மாற்றம் கேட்டு, ஏழும் தனித்தனிப் பிரதியாகிவிட்டன. ஒரு பிழையை ஏழு இடத்தில் திருத்துகிறோம். கனடாவில் உள்ள மாமா, பதினைந்து பேரை வேலைக்கு எடுத்தால் காசு போடுகிறேன் என்கிறார். சம்மதிக்கலாமா?
– வாசகர், கிளிநொச்சி

பதில்: அன்புத் தம்பி, மாமாவின் காசுக்குப் பிறகு வருகிறேன். முதலில் அந்த ஏழு பிரதிகள். பதினைந்து பேர் வந்தாலும் அந்த ஏழும் அப்படியேதான் இருக்கும். ஒவ்வொன்றும் ஏன் வேறுபடுகிறது என்று புதியவர்களுக்கு விளக்கவே உங்கள் மூவரின் நாளும் போய்விடும்.

ஆலைகளுக்குள் உண்மையில் எவ்வளவு வித்தியாசம் என்று எழுதிப் பாருங்கள். ஒருவர் வெறுஞ்சாக்கின் நிறையைக் கழிக்கிறார், மற்றவர் கழிப்பதில்லை. ஒருவர் ஈரப்பதம் 14 சதவீதத்தைத் தாண்டினால் நிறையில் குறைக்கிறார், இன்னொருவர் விலையில் குறைக்கிறார். இவை ஒரே நிரலுக்குள், வேண்டியபடி மாற்றிக்கொள்ளும் தெரிவுகளாக (செட்டிங்ஸ்) அடங்கக்கூடியவை. முதலாளி தானே தெரிவு செய்துகொள்ளட்டும். மூன்று ஆலைகளாவது கேட்காத வசதியை நிரலில் சேர்ப்பதில்லை என்று மூவரும் பேசி முடிவெடுங்கள்.

அடுத்தது, ஆலையில் போய் இருங்கள். பல வருடங்களுக்கு முன் நாங்கள் ஒரு நெல் களஞ்சியத்துக்கு மென்பொருள் செய்து கொடுத்தோம். போனில் கேட்கும்போதெல்லாம் "நல்லாத்தான் வேலை செய்யுது" என்றார்கள். ஒருநாள் நேரில் போனேன். தவிடு படியாமலிருக்க விசைப்பலகையைப் பொலித்தீனால் மூடியிருந்தார் கணக்குப்பிள்ளை. அதற்குள் எஸ்கேப் விசையின் மேல் ஒரு அட்டைத்துண்டை வெட்டி ஒட்டியிருந்தார். கை தவறி அதில் பட்டால் அதுவரை பதிந்த மூடைகள் எல்லாம் அழிந்துவிடுமாம். வெளியே உழவு இயந்திரங்கள் வரிசையில் நிற்க, அந்த மனிதர் எத்தனை தடவை முதலிலிருந்து பதிந்திருப்பார்! எங்களுக்கு அவர் ஒரு முறைப்பாடும் சொல்லவில்லை. அன்று பின்னேரமே அதைத் திருத்தினோம். அந்த அட்டைத்துண்டை இன்னும் வைத்திருக்கிறேன்.

கொழும்பிலிருக்கும் பெரிய கம்பனிக்கு அந்த அட்டைத்துண்டு கண்ணில் படாது. உங்களுக்குப் படும், மோட்டார் சைக்கிளில் அரை மணித்தியாலத் தூரந்தானே. சிறிய கம்பனியின் பலம் இதுதான் என்று நான் மனதார நம்புகிறேன். 2001இல் பதினேழு மென்பொருளாளர்கள் கூடி எழுதிய அஜைல் பிரகடனமும் இதைத்தான் கேட்கிறது: பாவிப்பவரோடு சேர்ந்து வேலை செய்யுங்கள், சிறிது சிறிதாக, அடிக்கடி வெளியிடுங்கள்.

சிறிய குழுவால் பெரிய வேலை முடியாது என்று மாமா சொன்னால், எஸ்கியூலைட்டைக் காட்டுங்கள். 2000இல் ரிச்சர்ட் ஹிப் தொடங்கிய அந்தத் தரவுத்தளம் இன்று அன்ட்ரோயிட் போன்களிலும் ஐபோன்களிலும் இருக்கிறது. அதன் மையக் குழுவை ஒரு கைவிரல்களில் எண்ணிவிடலாம். ஆனால் நிரல் சரியாக ஓடுகிறதா என்று தானே பார்க்கும் சோதனை நிரலை, அந்த நிரலைவிடப் பல நூறு மடங்கு எழுதி வைத்திருக்கிறார்கள். எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால், அடுத்த முறை திறக்கையில் அரைகுறைப் பதிவை நீக்கி முந்தைய நிலைக்குத் திரும்பிவிடும். வன்னியில் நெல்லுக் கணக்கு வைப்பவருக்கு இது எவ்வளவு பெரிய காரியம்! நீங்களும் சோதனை எழுதுங்கள். ஏழு பிரதிகளை ஒன்றாக்கும்போது எது உடைந்தது என்று அதுதான் காட்டும்.

இந்த வேலையை மார்கழிக்குள் முடித்துவிடுங்கள். பொங்கலுக்குப் பிறகு காலபோக அறுவடை ஓயும்வரை பிழை திருத்தம் மட்டும் போதும். மூடைகள் குவியும் நேரத்தில் திரையை மாற்றினால் கணக்குப்பிள்ளை தடுமாறிப்போவார்.

இனி காசு. மாமாவிடம் இப்போது வாங்க வேண்டாம். பதினைந்து பேரின் சம்பளம் மாதாமாதம் வந்து நிற்கும், ஆலைக்காரரின் கையிலோ அறுவடைக்குப் பின்தான் காசு புழங்கும். அதனால் ஒவ்வொரு ஆலையிடமும் வருடத்துக்கு ஒருமுறை, அறுவடை முடிந்த கையோடு, பராமரிப்புக் கட்டணம் கேளுங்கள். உங்களை நம்பிக் கணக்கை ஒப்படைத்தவர்கள் தருவார்கள். மாமா மனம் நோகாமல் இருக்க, மூவரும் சேர்ந்தே அவரோடு கதையுங்கள். ஏழும் ஒன்றான பிறகு ஒரு அறுவடைக் கணக்கை அவருக்குக் காட்டுவதாகச் சொல்லுங்கள்.