சாமி, நோன்பு, வேண்டுதல்: இங்கிலீஷில் எப்படிப் பேசுவது?

கேள்வி: வேலூரில் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்து லாட்ஜ் ஒன்றில் ரிசப்ஷனில் இருக்கிறேன். கொல்கத்தா, பங்களாதேஷ், மிசோரம், நாகாலாந்து என்று பல ஊர்க்காரர்கள் வந்து தங்குகிறார்கள். ரூம், சாப்பாடு, ஆட்டோ பற்றி இங்கிலீஷில் சமாளித்துவிடுவேன். பேச்சு கடவுள், நோன்பு, வேண்டுதல் பக்கம் போனால் திணறுகிறேன். தப்பாக எதையாவது சொல்லி அவர்கள் மனசு நோகக்கூடாது. என்னென்ன சொற்கள் தெரிந்திருக்க வேண்டும்?

பதில்: முதலில் 'பிலீவ்'. நம்மவர்கள் நிறையப் பேர் 'ஐ ஆம் பிலீவிங் காட்' என்கிறார்கள். அந்த 'இங்' வேண்டாம், ஆனால் 'இன்' கட்டாயம் வேண்டும்: 'ஐ பிலீவ் இன் காட்'. 'இன்' இல்லாமல் 'ஐ பிலீவ் யூ' என்றால் நீங்கள் சொல்வது உண்மை என்று ஏற்கிறேன், அவ்வளவுதான். 'ஐ பிலீவ் இன் யூ' என்றால் உங்களால் முடியும் என்று உங்கள் மேலேயே நம்பிக்கை வைக்கிறேன். கடவுள் விஷயத்தில் இந்த இரண்டாவதுதான் சரி.

'ஃபெய்த்' தனியாக வினைச்சொல்லாக வராது, 'ஹேவ்' சேர்க்கணும். 'வி ஹேவ் ஃபெய்த் இன் த டாக்டர்' என்று நோயாளியோடு வந்தவர்கள் சொல்வதை தினமும் கேட்டிருப்பீர்கள். அதே சொல் மதத்தையும் குறிக்கும்: 'பீப்பிள் ஆஃப் ஆல் ஃபெய்த்ஸ் ஸ்டே ஹியர்'. ஆனால் பக்தி மிகுந்தவரை 'ஃபெய்த்ஃபுல்' என்று சொல்லாதீர்கள். அவர் மனைவிக்குத் துரோகம் செய்யாதவர் என்று சர்ட்டிஃபிகேட் கொடுத்த மாதிரி ஆகிவிடும். அங்கே 'டிவௌட்' போடுங்கள்: 'எ டிவௌட் முஸ்லிம்', 'எ டிவௌட் ஹிந்து'. 'பயஸ்' என்றும் ஒரு சொல் உண்டு. சில பேர் காதில் அது பக்தியை வெளியே காட்டிக்கொள்கிறவர் என்று விழும் என்பதால் நான் தவிர்ப்பேன்.

'ப்ரே' சொல்லும்போது யாரிடம் என்றால் 'டு', யாருக்காக என்றால் 'ஃபார்'. 'ஐ வில் ப்ரே ஃபார் யுவர் மதர்' போதும். உங்கள் வேலையில் இதைவிடக் கஷ்டமான நேரம், தங்கியிருந்தவர் வீட்டில் ஒருவர் தவறிப்போவது. அப்போது 'இட் இஸ் காட்ஸ் வில்' என்று நாமாகச் சொல்லவே கூடாது. அதை இழந்தவர் சொல்லலாம், பக்கத்தில் நிற்கிறவர் சொன்னால் குத்தும். 'ஐ ஆம் ஸோ ஸாரி ஃபார் யுவர் லாஸ்' எந்த மதத்தவரிடமும், மதமே இல்லாதவரிடமும் சொல்லலாம். அதற்கு மேல் பேசாமல் வண்டி ஏற்பாட்டைக் கவனியுங்கள்.

'வாட் இஸ் யுவர் ரிலிஜன்?' என்று நேராகக் கேட்டால் போலீஸ் விசாரணை போல இருக்கும். உங்களுக்குத் தெரிய வேண்டியது அவர் மதம் இல்லை, அவருக்கு என்ன வசதி வேண்டும் என்பதுதானே? 'இஸ் தேர் எனிதிங் வி ஷுட் நோ அபௌட் ஃபுட் ஆர் ப்ரேயர் டைம்ஸ்?' என்று கேளுங்கள். ரம்ஜான் மாதத்தில் 'ஆர் யூ ஃபாஸ்டிங்?' என்று கேட்டுவிட்டு, 'டூ யூ நீட் ஃபுட் பிஃபோர் டான்?' என்றால் சஹருக்குக் கேட்கிறீர்கள் என்று உடனே புரிந்துகொள்வார்கள்.

மிசோரம், நாகாலாந்துக்காரர்களிடம் 'ஆர் யூ கன்வெர்ட்டட்?' வேண்டவே வேண்டாம். மிசோரத்துக்கு மிஷனரிகள் 1894-லேயே போய்விட்டார்கள்; தாத்தா, பாட்டி காலத்திலிருந்தே கிறிஸ்தவர்களாக இருக்கிற குடும்பங்கள் அவை. 'விச் சர்ச் டூ யூ கோ டு?' என்றால் மிசோ ஆட்கள் பெரும்பாலும் 'பிரெஸ்பிடேரியன்' என்பார்கள், நாகா ஆட்கள் 'பாப்டிஸ்ட்' என்பார்கள், பேச்சு தானாக வளரும்.

இனி நம்ம ஊர் விஷயங்கள். வைகாசி முதல் நாள் குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்குக் கூட்டம் கிளம்பும்போது, என்ன விசேஷம் என்று கேட்பார்கள். 'த ஹெட் ஆஃப் த காடஸ் இஸ் கேரிட் இன் எ ப்ரொசெஷன் அண்ட் ஜாயிண்ட் டு த பாடி அட் த டெம்பிள்' என்று நடப்பதை முதலில் சொல்லுங்கள். ரேணுகா, பரசுராமர் கதைக்குப் போகும்போது 'த ஸ்டோரி கோஸ் தட்' அல்லது 'பீப்பிள் ஹியர் பிலீவ் தட்' என்று ஆரம்பியுங்கள். 'மித்' என்றால் கட்டுக்கதை என்றும் பொருள்படும், 'சூப்பர்ஸ்டிஷன்' என்றால் தீர்ப்பே எழுதியாகிவிட்டது. நம் சாமியைப் பற்றி நாமே அப்படிச் சொல்லவேண்டாம், அடுத்தவர் சாமியைப் பற்றியும் வேண்டாம். வேண்டிக்கொண்டாள் என்பதற்கு 'ஷி மேட் எ வௌ', வேண்டுதலை நிறைவேற்றினாள் என்பதற்கு 'ஷி ஃபுல்ஃபில்ட் ஹர் வௌ'. சாமி வந்து ஆடுகிறவரைப் பார்த்து 'மேட்' என்றோ 'கோஸ்ட்' என்றோ வாய்தவறிக்கூட வரக்கூடாது. 'த காடஸ் ஹாஸ் கம் அப்பான் ஹர்' என்பதுதான் கும்பிடுகிறவர் மனசுக்கு நெருக்கமான வாக்கியம்.

கோட்டைக்கு வழி கேட்டால் ஜலகண்டேஸ்வரர் கோயிலையும் சேர்த்துச் சொல்லுங்கள். நெடுங்காலம் மூலவர் இல்லாமல் கிடந்த கோயில் அது, 1981-ல்தான் லிங்கம் மறுபடி வைக்கப்பட்டது. 'வர்ஷிப் ரிஸ்யூம்ட் இன் 1981' என்றால் ஒரே வரியில் முடிந்தது. சாமி சிலையை 'ஐடல்' என்று நம் பத்திரிகைகளே எழுதுகின்றன, தப்பில்லை. ஆனாலும் விக்கிரக வழிபாட்டைக் குறையாகச் சொல்கிறவர்களும் அதே சொல்லைத்தான் எடுக்கிறார்கள் என்பதால் தெய்வம் என்று பொருள்படும் 'டீயிட்டி' எனக்குப் பிடிக்கும்.

அப்புறம், கடவுளே இல்லை என்கிற விருந்தாளிகளும் வருவார்கள். பெரியார் 1973 டிசம்பர் 24-ல் காலமானது இதே வேலூரில், அதனால் நமக்கு இது புதிதில்லை. இல்லை என்று உறுதியாகச் சொல்பவர் 'ஏதீஸ்ட்'. இருக்கிறதா இல்லையா அறிய முடியாது என்பவர் 'அக்னாஸ்டிக்'. 1869-ல் ஹக்ஸ்லி என்ற இங்கிலாந்து விஞ்ஞானி உண்டாக்கிய சொல் அது. ஆனால் பேச்சில் பெரும்பாலும் 'ஐ ஆம் நாட் ரிலிஜியஸ்' என்றுதான் சொல்வார்கள். அதற்கு 'ஒய்?' என்று கேட்காமல் 'தட்ஸ் ஃபைன்' என்று சொல்லிவிட்டு, கோட்டையைச் சுற்றிப் பார்க்க ஆட்டோ வேண்டுமா என்று கேளுங்கள்.