வைஃபை டிரைவர் எதை முடிவு செய்யலாம்? லினக்ஸ் கேள்வி பதில்

ஒரு மாணவர்: ஐயா, வைஃபை அட்டையை இயக்க டிரைவர் இருக்கும்போது, வலையமைப்பில் சேர்த்துவிடும் டபிள்யூபிஏ சப்ளிகன்ட், இணைப்புகளை நிர்வகிக்கும் நெட்வொர்க் மேனேஜர் என்ற நிரல்கள் எல்லாம் எதற்கு? டிரைவரே தேடி இணைத்துவிடக் கூடாதா?

பதில்: அப்படியும் ஒரு காலம் இருந்தது. பழைய இன்டெல் அட்டைகளுக்கான ஐபிடபிள்யூ2200 டிரைவரில் ‘அசோசியேட்’ என்றொரு மாட்யூல் விருப்பம் (டிரைவரை ஏற்றும்போது கொடுக்கும் அமைப்பு) உண்டு. அது இயக்கத்தில் இருந்தால், யாரும் கேட்காமலேயே அட்டை ஏதோ ஒரு வலையமைப்பில் போய் ஒட்டிக்கொள்ளும். தொடக்கத்தில் அதுவே இயல்பு நிலை; பிறகுதான் அணைத்தார்கள். எது உங்கள் வீட்டுடையது, எது பக்கத்து வீட்டுடையது, எதற்கு முன்னுரிமை என்பதெல்லாம் டிரைவருக்கு எப்படித் தெரியும்?

2007இல் லினக்ஸின் மையமான கெர்னலின் 2.6.22 பதிப்பில் மேக்80211 என்ற பொதுவான வைஃபை பகுதி சேர்ந்ததும், ஒவ்வொரு டிரைவரும் தனித்தனியாகச் செய்துகொண்டிருந்த வேலைகள் பல ஒரே இடத்துக்கு வந்தன. இன்று ‘தேடு’, ‘இதில் இணை’, ‘இந்தச் சாவியைப் போடு’ என்ற கட்டளைகள் என்எல்80211 என்ற இடைமுகம் வழியாகக் கெர்னலுக்கு வெளியிலிருந்து வருகின்றன. டிரைவரின் வேலை அவற்றை நிறைவேற்றுவது.

இன்னொருவர்: அப்படியானால் அனுப்பும் வேகத்தைத் தேர்ந்தெடுப்பதையும் வெளியே தள்ளிவிடலாமே?

பதில்: வேண்டாம். ஒரு பொட்டலம் போய்ச் சேரவில்லை என்றால் அடுத்த முயற்சி எந்த வேகத்தில் என்பது மைக்ரோவினாடிக் கணக்கு. வெளியே ஓடும் நிரலைக் கேட்டுவிட்டு வரும்வரை காற்றலை காத்திருக்காது. அதனால்தான் மின்ஸ்ட்ரல் என்ற வேகத்தேர்வு முறை கெர்னலுக்குள் இருக்கிறது. சில அட்டைகளில் அந்த வேலை, அட்டையிலேயே ஓடும் நிரலான ஃபர்ம்வேருக்குள்ளேயே போய்விட்டது.

வீட்டில் இரண்டு ரவுட்டர் வைத்திருப்பவர்: மாடிக்குப் போனாலும் மடிக்கணினி கீழ்த்தள ரவுட்டரையே பிடித்துத் தொங்குகிறது. குற்றவாளி யார்?

பதில்: இந்தப் பிரச்சினையில்தான் எல்லைக்கோடு மிகவும் மங்கலாக இருக்கிறது. சாதாரண அட்டைகளில் முடிவு சப்ளிகன்டுடையது. அதன் அமைப்பில் ‘பிஜிஸ்கேன்’ (பின்னணித் தேடல்) வரியைப் பாருங்கள். ‘சிம்பிள்:30:-70:300’ என்று எழுதினால், சிக்னல் வலிமை -70 டிபிஎம் அளவுக்குக் கீழே இறங்கியதும் 30 வினாடிக்கு ஒருமுறையும், மேலே இருக்கும்போது 300 வினாடிக்கு ஒருமுறையும் வேறு ரவுட்டரைத் தேடும். சிக்னலைச் சப்ளிகன்ட் ஓயாமல் கேட்டுக்கொண்டிருப்பதும் இல்லை. வரம்பை ஒருமுறை கெர்னலிடம் சொல்லிவைக்கிறது. அதைத் தாண்டும்போது கெர்னல் தட்டி எழுப்புகிறது. அளப்பது உள்ளே, தீர்மானிப்பது வெளியே. என் கணக்கில் இந்தத் துறையிலேயே மிக அழகான வேலைப்பிரிவினை இதுதான்.

இணைப்பு வேலைகளை ஃபர்ம்வேரே கவனித்துக்கொள்ளும் முழு மேக் வகை அட்டைகளின் கதை வேறு. அங்கே ஃபர்ம்வேரே ரவுட்டர் மாறிவிட்டு, ‘மாறிவிட்டேன்’ என்று பிறகு தகவல் சொல்லலாம். பிராட்காம் அட்டைகளுக்கான பிஆர்சிஎம்எஃப்மேக் டிரைவரில் இதை நிறுத்த ‘ரோம்ஆஃப்’ விருப்பம் இருக்கிறது. எதையும் மாற்றுவதற்கு முன், நெட்வொர்க் மேனேஜரில் குறிப்பிட்ட ஒரு ரவுட்டரின் முகவரியான பிஎஸ்எஸ்ஐடியைப் பூட்டி வைத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். பூட்டியிருந்தால் வேறு ரவுட்டருக்கு அது நகரவே நகராது.

ஒருவர்: ‘ஐடபிள்யூ ரெக் செட்’ என்ற கட்டளை கொடுத்தும் வைஃபையின் நாட்டுக் குறியீடு மாறவில்லையே?

பதில்: எந்த அலைவரிசை, எவ்வளவு திறன் என்பது உங்கள் விருப்பமோ டிரைவரின் விருப்பமோ அல்ல, அந்தந்த நாட்டின் சட்டம். முன்பு சிஆர்டிஏ என்ற வெளிநிரல் அந்த விதிகளைப் படித்துக் கொடுத்தது, 4.15 முதல் கையொப்பமிட்ட தரவுக்கோப்பைக் கெர்னலே நேரடியாகப் படிக்கிறது. நீங்கள் கொடுக்கும் குறியீடு ஒரு குறிப்பு மட்டுமே. ‘ஐடபிள்யூ ரெக் கெட்’ கொடுத்துப் பாருங்கள். ‘செல்ஃப் மேனேஜ்டு’ என்று வந்தால், அந்த அட்டை விதிகளைத் தன் ஃபர்ம்வேரிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. உங்கள் கட்டளைக்கு அது அசையாது.

மற்றொருவர்: எஸ்எஸ்எச் வழியாகத் தொலைவிலுள்ள கணினியில் தட்டச்சு செய்தால் எழுத்துகள் தாமதமாக வருகின்றன.

பதில்: அட்டை இடையிடையே தூங்கிவிடும் மின்சேமிப்பு காரணமாக இருக்கலாம். நெட்வொர்க் மேனேஜரில் ‘வைஃபை.பவர்சேவ்’ மதிப்பை 2 ஆக்கினால் அணையும்.

டிரைவர் எழுதுபவர்: என் டிரைவரில் மின்சேமிப்புக்கு ஒரு மாட்யூல் விருப்பம் சேர்க்கலாமா?

பதில்: அதற்கு என்எல்80211இல் ஏற்கெனவே பொதுக் கட்டளை இருக்கிறது, அதையே ஆதரியுங்கள். மாட்யூல் விருப்பம் ஒருமுறை வந்துவிட்டால் யாரோ அதை நம்பி ஸ்கிரிப்ட் எழுதிவிடுவார்கள். பிறகு நீக்குவது பெரும்பாடு. மின்கலத்தில் ஓடுகிறதா, மின்இணைப்பில் இருக்கிறதா என்பதும் உங்கள் டிரைவரைவிட வெளியே இருக்கும் நிரலுக்குத்தான் நன்றாகத் தெரியும்.