மாட்டுக்கு ஊசி போட்டவர் பெயர் பதிவேட்டில் இல்லையென்றால்

உங்கள் மாட்டுக்கு மடிநோய்க்கு ஊசி போட்டவர் மேல் நீங்கள் கொடுத்த புகாரை, அவர் பெயர் பதிவேட்டில் இல்லை என்று, கால்நடை மருத்துவர்களைப் பதிவு செய்யும் மாநிலக் கால்நடை மருத்துவக் கவுன்சில் திருப்பியதோடு விஷயம் முடியவில்லை. தன் பதிவேட்டில் இருப்பவர் மேல்தான் அது ஒழுங்கு நடவடிக்கை எடுக்கும். பதிவில்லாமல் மருத்துவம் பார்ப்பதை 1984ஆம் ஆண்டு இந்தியக் கால்நடை மருத்துவக் கவுன்சில் சட்டமே தடுக்கிறது. அதனால் கால்நடை பராமரிப்புத் துறையின் மாவட்ட இணை இயக்குநரிடமும் காவல் நிலையத்திலும் எழுதிக் கொடுங்கள், ரசீது வாங்காமல் வராதீர்கள்.

ஊசி போட்டவர் அநேகமாகக் கால்நடை ஆய்வாளராகவோ சினை ஊசி போடுபவராகவோ இருப்பார். ஊரில் எல்லாரையும் டாக்டர் என்றே கூப்பிடுகிறோம், பாவம், மாட்டுக்காரருக்கு எப்படித் தெரியும்?

அவர் எழுதிய மருந்துச் சீட்டை எடுத்துப் பாருங்கள். கையெழுத்துக்குக் கீழே பதிவு எண் இருக்கிறதா? வெறும் துண்டுத்தாளில் மருந்துப் பெயர் மட்டும்தான் என்றால் அதுவே ஆதாரம். காலி ஊசி மருந்துக் குப்பியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், லேபிளில் உள்ள பேட்ச் எண்ணைப் படம் எடுத்து வையுங்கள்.

ஒன்று கவனிக்க வேண்டும். பதிவு பெற்ற மருத்துவரின் மேற்பார்வையில் சிறு சிகிச்சைகள் செய்ய, உரிய சான்றிதழ் உள்ளவர்களுக்கு மாநில அரசு அனுமதி தரலாம். யார் மேற்பார்வையில் செய்தார் என்று புகாரிலேயே கேளுங்கள். வேறு மாநிலத்தில் பதிவு செய்தவராகவும் இருக்கலாம், அகில இந்தியப் பதிவேட்டையும் பார்த்துவிடுங்கள்.

இழப்பீடு வேண்டுமென்றால், பணம் கொடுத்துப் பார்த்த வைத்தியம்தானே, நுகர்வோர் ஆணையத்துக்குப் போங்கள். அதற்கு 2 ஆண்டுதான் கெடு.