பங்காளி என்றா சொன்னீர்கள்?

கேள்வி: சிலுவைப்போர் தொடங்கி இன்றுவரை கிறிஸ்தவர்களுக்கும் முஸ்லிம்களுக்கும் நடப்பது வெறும் பங்காளிச் சண்டைதானே? நம் நெல்லைச் சீமையில் மட்டும் இரு தரப்பும் எப்படி ஒற்றுமையாக இருக்கிறார்கள்?
- வாசகர் ஒருவர், வள்ளியூர்

பதில்: 'வெறும்' பங்காளிச் சண்டையா? வள்ளியூரில் இருந்துகொண்டு இப்படிக் கேட்கலாமா அண்ணாச்சி? வரப்பை ஒரு சாண் வெட்டிவிட்டான் என்று தாத்தா போட்ட கேஸைப் பேரன் வக்கீலுக்குப் படித்துவிட்டு வந்து நடத்துகிற சீமை இது. எல்லையில் நின்ற வேப்பமரம் பட்டு, விறகாகி, சாம்பலும் ஆகியிருக்கும். மரம் யாருக்கு என்ற வழக்கில் மட்டும் அடுத்த மாதம் வாய்தா இருக்கும். முகத்தில் முழிக்க மாட்டார்கள். ஆனால் அங்கே ஒரு சாவு விழுந்தால் இங்கே தீட்டு. பொதுச்சொத்து இல்லாதவனுக்குப் பங்காளி கிடையாது. இரு தரப்பும் மூதாதை என்று சொல்லும் ஆபிரகாமைத் தாலுகா ஆபீஸ் வாசலில் கொண்டுவந்து நிறுத்தாதீர்கள்.

அசல் பங்காளிச் சண்டை பார்க்க வேண்டுமானால் எருசலேமுக்குப் போங்கள். இயேசுவின் கல்லறைக் கோயிலைக் கிரேக்கர், கத்தோலிக்கர், ஆர்மீனியர், காப்டிக், சிரியர், எத்தியோப்பியர் என ஆறு சபையார் பங்கு போட்டு வைத்திருக்கிறார்கள். முகப்பு ஜன்னலடியில் ஒரு மர ஏணி 18-ம் நூற்றாண்டிலிருந்தே நிற்கிறது. எடுத்தால் 'நீ யார் எடுக்க?' என்று வரும். 2002-ல் கோயில் மாடியில் ஒரு காப்டிக் துறவி வெயில் தாங்காமல் நாற்காலியை நிழல் பக்கம் நகர்த்திப் போட்டார். நிழல் எத்தியோப்பியர்களுடையதாம். 11 பேர் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள், அத்தனை பேரும் சாமியார்கள். அந்தக் கோயில் சாவி பல நூற்றாண்டுகளாக ஒரு முஸ்லிம் குடும்பத்திடம் இருக்கிறது. அதை வாங்கிக் கதவைத் திறந்துவிடுவது இன்னொரு முஸ்லிம் குடும்பம்.

சிலுவைப்போர் என்றதும் 1099-ல் எருசலேமில் ஓடிய ரத்தமும் 1187-ல் சலாவுதீன் அதை மீட்டதும் எல்லாருக்கும் ஞாபகம் வரும். 1204-ல் அதே சிலுவையைக் குத்திக்கொண்டு போனவர்கள் கான்ஸ்டான்டிநோபிளில் புகுந்து சக கிறிஸ்தவர்களைக் கொள்ளையடித்தது மட்டும் ஒருவருக்கும் வராது.

இங்கே மட்டும் என்ன வாழ்கிறது? பாளையங்கோட்டையில் ஊசிக்கோபுரக் கோயிலைக் கட்டிய மிஷனரி ரேனியுஸை 1835-ல் அவருடைய மிஷன் சங்கமே நீக்கியது, சபைகள் இரண்டுபட்டன. 1857-ல் நாசரேத் பக்கம் சட்டாம்பிள்ளை என்ற உபதேசியார் வெள்ளைக்காரப் பாதிரிகளோடு முறைத்துக்கொண்டு தனிச் சபையே கண்டார். இன்றைய சி.எஸ்.ஐ. சபையின் திருமண்டலத் தேர்தலைப் பற்றி எழுத வேண்டாம் என்று அலுவலகத்தில் சொல்லியிருக்கிறார்கள். எழுதவில்லை. அந்தப் பக்கம் மட்டும் சமாதானமா என்றால், தர்காவுக்குப் போகலாமா கூடாதா என்று ஒரு சண்டை, பிறை தெரிந்ததா இல்லையா என்று ஒரு சண்டை, ஒரே தெருவில் இரண்டு நாள் பெருநாள். வீட்டுக்குள்ளேயே இவ்வளவு வேலை கிடக்கும்போது பக்கத்து வீட்டோடு சண்டை போட யாருக்கு நேரம் இருக்கிறது?

போட்டதே இல்லை என்று சொல்லவில்லை. 1530-களில் தூத்துக்குடிக் கரையில் ரத்தம் சிந்தியது. ஒரு பரதவரின் கடுக்கனை முஸ்லிம் ஒருவர் காதோடு பிய்த்தார் என்று அந்தக் கதை தொடங்கும். கடுக்கன் சாக்கு, காரணம் முத்து. முத்துக் குளிக்கும் சலாபம் யார் கையில், குளிக்கிறவனுக்கு எவ்வளவு, கரையில் நின்று வாங்குகிறவனுக்கு எவ்வளவு என்பதுதான் வழக்கு. ஜுவாவ் த குரூஸ் என்ற குதிரை வியாபாரி யோசனை சொல்ல, பரதவர்கள் கொச்சிக்குப் போய்ப் போர்ச்சுகீசியரிடம் காவல் கேட்டார்கள், ஞானஸ்நானமும் பெற்றார்கள். சவேரியார் வந்து சேர்ந்தது 1542-ல்தான். முதலில் பீரங்கி, அப்புறம் ஜெபம். 1658-ல் டச்சுக்காரன் தூத்துக்குடியைப் பிடித்ததும் கத்தோலிக்கச் சாமியார்களை விரட்டினான். அவனும் இயேசுவைக் கும்பிட்டவன்தான்.

சண்டை வேதத்திலிருந்து பிறப்பதில்லை, பங்கிலிருந்து பிறக்கிறது என்பது என் கட்சி. மரியாளும் ஈசா நபியும் குர்ஆனில் இருக்கிறார்கள், 19-வது அத்தியாயத்தின் பெயரே மர்யம். ஈசா இறைமகனா, சிலுவையில் மரித்தாரா என்பதில் 1,400 வருடமாக இரு தரப்புக்கும் ஒத்துப்போகவில்லை, இனியும் போகாது. அதற்காக மேலப்பாளையத்து முஸ்லிம் யாரும் பாளையங்கோட்டைக் கிறிஸ்தவரிடம் பீடிக்கட்டு விற்காமல் இருந்ததில்லை.

இவர்களுக்கும் நிஜமாகவே பங்கு பிரித்துக் கொடுத்த வேடிக்கை ஒன்று உண்டு. 2007-ல் தமிழக அரசு பிற்படுத்தப்பட்டோர் ஒதுக்கீட்டுக்குள் முஸ்லிம்களுக்கு 3.5, கிறிஸ்தவர்களுக்கு 3.5 சதவீதம் என்று உள் ஒதுக்கீடு தந்தது. கிறிஸ்தவர்கள் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். பழைய பட்டியலிலேயே அதிக இடம் கிடைத்துக்கொண்டிருந்தது தெரிந்ததும், எங்கள் பங்கு வேண்டாம் என்று 2008-ல் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். முஸ்லிம்கள் தங்கள் 3.5-ஐ வைத்துக்கொண்டார்கள். பாகத்தைத் திருப்பிக் கொடுத்த பங்காளியை உங்கள் ஊரில் பார்த்திருக்கிறீர்களா?

எல்லாம் சுமுகம் என்று நினைக்க வேண்டாம். உவரி அந்தோணியாருக்குச் செவ்வாய்க்கிழமை நேர்ந்துகொண்டு வரும் அதே கூட்டத்தில் ஒரு பகுதி, நம்பியாறு கடலில் சேரும் இடத்து ஆத்தங்கரைப் பள்ளிவாசலுக்கும் போய்ப் பாத்திஹா ஓதச் சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறும். அதே அந்தோணியாரின் கொழும்புக் கொச்சிக்கடைக் கோயிலில் 2019 ஈஸ்டர் அன்று குண்டு வெடித்தது. அன்று தீவு முழுக்க இறந்தவர்கள் 250-க்கும் மேல். அடுத்த மாதமே அங்கே முஸ்லிம்களின் கடைகளும் பள்ளிவாசல்களும் எரிந்தன. குண்டு வைத்தவனுக்கு உவரியும் தெரியாது, ஆத்தங்கரையும் தெரியாது. யூடியூபில் தொண்டை கிழிய விவாதம் செய்கிற நம் பிள்ளைகளுக்கும் தெரியாமல் போய்விடுமோ என்பதுதான் என் கவலை.

இதற்கு மருந்தாக நல்லிணக்க மேடை போடுகிறார்கள். ஒரு அங்கி, ஒரு தொப்பி, ஒரு விபூதி. மூவருக்கும் பொன்னாடை. எல்லா மதமும் அன்பைத்தான் போதிக்கிறது என்று மூவரும் தனித்தனியாக முக்கால் மணி நேரம் பேசுவார்கள். கடைசியில் ஒரு கவிஞர். சிலுவையும் பிறையும் கைகோத்து நடக்கும் கவிதைகள் இந்த அலுவலகத்துக்கும் வருகின்றன. பிறைக்குக் கை எங்கே இருக்கிறது என்று கேட்டதற்கு ஒருவர் சந்தாவை நிறுத்திவிட்டார். போகட்டும்.

ஒற்றுமையின் அளவை நிஜமாகத் தெரிய வேண்டுமானால் வாடகைக்கு வீடு கேட்டுப் பாருங்கள். தரகர் முதலில் பெயர் கேட்பார், அப்புறம் 'ஓனர் அவங்க ஆட்களைத்தான் பாக்காரு' என்பார். கறி எடுப்பீர்களா என்று கேட்கும் வீடுகளில் இவர்கள் இருவரும் ஒரே கட்சி. ஒருவர் வீட்டை மற்றவர் கேட்டுப் போகும்போது என்ன நடக்கிறது என்று வள்ளியூரிலும் மேலப்பாளையத்திலும் தரகர்களைப் பிடித்துப் பேசி எழுதி அனுப்புங்கள் அண்ணாச்சி, போடுகிறேன். கவிதையாக வேண்டாம்.